மலாக்காவில் ஒரு மழை சார்

தூத்துக்குடியில் வானிலை தெரிந்தவனாக இருப்பதைப் போலச் சுகமான பிழைப்பு வேறு கிடையாது. யார் கேட்டாலும் "இன்னைக்கு மழை இல்ல" என்று சொன்னால் போதும், வருடத்தில் முக்கால்வாசி நாள் சரியாகிவிடும். அங்கே ஒரு கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். உப்பளக்காரர்கள் என்னைத் தெருவில் நிறுத்தி விசாரிப்பார்கள். நானும் நெற்றியைச் சுருக்கி வானத்தைப் பார்த்துவிட்டு அதே பதிலைச் சொல்வேன். "தெரியாது" என்ற சொல்லை இத்தனை வருட வேலையில் மாணவர்கள் வாயில் கேட்டிருக்கிறேனே தவிர, என் வாயில் வந்ததில்லை.

மலாக்காவில் கடலோரமாக இருக்கும் ஒரு பல்கலைக்கழகம், ஒரு வருடம் வந்து பருவநிலைப் பாடம் நடத்தச் சொல்லிக் கூப்பிட்டது. "அந்த ஊர்ல பருவமே கிடையாதாமே? வருசம் பூரா ஒரே புழுக்கமாம். நீங்க போயி என்னத்த நடத்துவீங்க?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. நான் பெட்டியைப் பூட்டுகிற மும்முரத்தில் இருந்தேன்.

மலாக்கா பஸ் நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் கோவிந்தண்ணன். அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கப் போகிறேன். அறுபதை நெருங்கும் வயது, தொப்பை, கையில் சிவப்புக் கயிறு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எதற்கும் கூடாரம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். கூடாரத்தை இங்கே 'கெனோப்பி' என்கிறார்கள். என்னை அழைக்க வந்ததும் கூடாரக் கம்பிகள் ஏற்றிய லாரியில்தான். என் பெட்டியைக் கம்பிகளுக்கு மேலே தூக்கிப் போட்டார்.

"பசியாறிட்டீங்களா சார்?" என்றார். காலைச் சாப்பாடு ஆனதா என்று அர்த்தம். இவ்வளவு அழகான சொல்லை நாங்கள் எங்கே தொலைத்தோம் என்று யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "சார் மழை வாத்தியாருன்னு சொன்னாங்க. இன்னிக்கு பெம்பான்ல ஒரு காதுகுத்து லா. மழை வருமா?"

வாக்கியத்துக்கு வால் போல 'லா' போடுவது இந்த ஊர்ப் பேச்சு. வானத்தைப் பார்த்தேன். துணி துவைத்துக் காயப்போட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. "வராது" என்றேன்.

கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்து, டீயை ஆற்றிக் குடித்துவிட்டு வெளியே வந்தால், இங்கே 'சடக்கு' என்று சொல்லும் சாலையில் முழங்கால் தண்ணீர். என் பெட்டி திறந்த லாரியில் குளித்துக்கொண்டிருந்தது. அண்ணன் பெம்பானுக்கு போன் போட்டார், கேட்டார், வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பரவால்ல சார், புது எடம். பழகிடும்" என்றார். அன்று என் சட்டைகள் எல்லாம் அவர் வீட்டு வாசலில் ஒரு சின்னக் கூடாரத்துக்குள் காய்ந்தன.

பழகவில்லை. மாசி மாதம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நியாலாஸ் பக்கம் போனேன். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை பச்சைப்பசேல் என்று நிற்க, நடுவில் மிச்சமிருந்த ஒரு ரப்பர் பால்மரக் காடு மட்டும் இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் இலையுதிர்காலம்! மாணவர்கள் பைகளைத் திறந்து கம்பளிக் கோட்டுகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பனிநாட்டுக்குப் போன மாதிரி படம் எடுத்துப் போடத்தான் வந்திருக்கிறார்கள். எனக்கு வேட்டிகூடப் பாரமாக இருந்த வெயில் அது. "சார், மழை வருமா? கோட்டு எங்க அக்காவோடது" என்றாள் ஒருத்தி. மாசியில் ஏது மழை என்று தைரியம் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ் முழுக்க ஈர ஆட்டு மந்தை வாசம்.

தேர்வில் மலேசியாவின் பருவங்கள் எவை என்று கேட்டிருந்தேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: டுரியான், மலிவு விற்பனை, புகைமூட்டம், பள்ளி விடுமுறை. சிவப்புப் பேனாவை எடுத்து வெகுநேரம் வைத்திருந்தேன். தப்பென்று போட மனசு வரவில்லை.

நோன்பு மாதம் வந்தது. மாலையானால் தெருவோரம் பசார் கூடிவிடும். கோழி வறுவலும் கரும்புச் சாறும் பச்சை நிறப் பலகாரங்களும் வாங்கிக்கொண்டு, நோன்பு இல்லாதவர்களும் பாங்கு சொல்வதற்காகக் காத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு பாக் மானும் அப்படித்தான் எனக்குப் பழக்கமானார். 'பாக்' என்றால் பெரியவர் என்ற மரியாதை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அந்த லாரியை எங்கள் வீட்டு வாசலை அடைத்துத்தான் நிறுத்துவார். அதன் கித்தான் படுதா புளித்த எண்ணெய் வாசம் வீசும். நான் தினமும் அந்தப் படுதாவை உரசிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவேன். மாணவர்கள் என்னிடம் வறுத்த மீன் வாசம் வருவதாகச் சொன்னார்கள்.

பாக் மான் வீட்டு நோன்பு விருந்துக்கு அண்ணன் கூடாரம் போட்டார். காற்று வருமா என்று என்னைக் கேட்டார்கள். வராது என்று சொன்னேன். விடிவதற்கு முன்னால் கடலிலிருந்து சுமத்ராக் காற்று கிளம்பி வந்து, கூடாரத்தைக் கம்பியோடு பிடுங்கி எங்கள் மாடியில் போட்டது. நான் ஜன்னலைத் திறந்தால் வெள்ளைத் துணி. "உங்கள் விருந்தாளி நல்ல மனிதர்" என்று பாக் மான் மலாயில் அண்ணனிடம் சொன்னாராம். "ஆனால் அவரிடம் இனிமேல் காற்றைப் பற்றிப் பேசாதீர்கள்."

இதற்குப் பிறகு நான் சுதாரித்துக்கொண்டேன். கேட்டவர்களிடம் எல்லாம் மழை வரும் என்று சொல்ல ஆரம்பித்தேன். தினமும் மழை பெய்கிற ஊரில் இதைவிடப் பத்திரமான பதில் உண்டா? ஆனால் இந்த ஊர் மழை பத்தடி தள்ளிப் பெய்யும். சடக்கின் இந்தப் பக்கம் குடை, அந்தப் பக்கம் குளிர்க்கண்ணாடி. நான் மழை என்று சொன்ன வீட்டை மட்டும் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் கொட்டிவிட்டுப் போனது.

டுரியான் பருவத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெம்பானில் சடக்கோரக் கடையில் அண்ணன் ஒரு காயை முகர்ந்து, உலுக்கி, காதில் வைத்துக் கேட்டு, கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாரும் அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். அப்போது முன்பின் தெரியாத ஒருவர் டுரியான் பிசுக்குக் கையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதானா அந்த மழை சாரு? ரொம்ப நன்றி சார்! எங்க வீட்டு விசேசத்துக்கு மழை வரும்னு சொன்னீங்களாமே. கோவிந்தண்ணே சொன்னாரு. ஒரு சொட்டு உழல!"

எனக்குப் புரியவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் டுரியானைப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் அண்ணன். "மத்தவங்க சொன்னா பாதி நடக்கும், பாதி நடக்காது. அத வச்சிக்கிட்டு என்ன செய்ய முடியும்? நீங்க அப்படி இல்ல. நீங்க வரும்னா வராது, வராதுன்னா வரும். ஒரு தடவகூட மாறினதில்ல லா. உங்களதான் நம்பி நான் யாவாரமே பண்றேன்."

அன்று டுரியான் எனக்குக் கசந்தது. நல்ல காய் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதன் பிறகு மாநிலத்தில் பாதிப்பேர் என்னைத் தலைகீழாக நம்புவது தெரியவந்தது. சந்தைக்குப் போனால், "சார், நாளைக்கு மழைதானே? மழைன்னு சொல்லுங்க சார், துணி நெறைய கெடக்கு" என்று ஒரு அக்கா கெஞ்சினார். என் துறைத்தலைவர் சீனர், பனிப்பொழிவைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி செய்தவர். அவரே கதவைச் சாத்திவிட்டு, விளையாட்டு விழா நாளில் மழை வரும் என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். புகைமூட்டம் வந்தது. சூரியன் மாத்திரை மாதிரி சிவந்து தொங்கியது. இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று நான் வாய் தவறிச் சொல்ல, கடைகளில் முகக்கவசம் தீர்ந்துபோனது. புகையும் லேசில் போகவில்லை.

தீபாவளி நெருங்கும்போது அண்ணன் மகள் ஷாலினிக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை மஸ்ஜித் தானாவில் இருக்கும் குடும்பம். சின்ன ஊர், நாலைந்து தமிழ் வீடுகள். மாப்பிள்ளையின் அப்பா முத்தையா, அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் மடிப்புக் கலையாதவர். பட்டணத்தில் குளிர்சாதன மண்டபம் என்றுதான் அவர் கேட்டார். ஆனால் அண்ணனும் அவர் மனைவி சரோஜாக்காவும் ஒரே பிடியாக நின்றார்கள். வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்தவர்கள். நியாலாஸ் தோட்டத்து மாரியம்மனிடம், பிள்ளை பிறந்தால் உன் வாசலில்தான் கல்யாணம் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்து ஆட்கள் எல்லாம் பட்டணம் போய்விட்டார்கள். செம்பனைக்கு நடுவே கோயிலும் அதன் முன்னால் ஒரு திடலும் மட்டும் இருக்கின்றன. போய்ச்சேர செம்மண் பாதை.

முத்தையா கடைசியில் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. "சம்பந்தி, உங்க வேண்டுதல நான் தடுக்கல. ஆனா எங்க ஆளுங்க மழையில நனைஞ்சு சேத்துல நின்னா, நான் பையன கூட்டிட்டுத் திரும்பிடுவேன். அப்புறம் மார்கழி. தை மாசம் மண்டபத்துலதான் தாலி."

ஆகக் கார்த்திகை மாதம், திறந்த திடல். மழை வந்தால் கல்யாணம் தள்ளிப்போகும், அம்மனுக்குச் சொன்ன வார்த்தையும் போகும். சரோஜாக்கா எனக்கு முறுக்குத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னிக்கு மழை வருமா?"

யோசிக்க என்ன இருக்கிறது? தினமும் இடி இடிக்கிற மாதம். மகள் கல்யாண விஷயத்திலாவது என்னை நேராக நம்புவார்கள் என்று உண்மையைச் சொன்னேன். "கண்டிப்பா வரும் அக்கா. பெரிய கூடாரமாப் போடச் சொல்லுங்க."

சரோஜாக்கா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத் தண்ணீர். "என்னாங்க! சாரு வரும்னு சொல்லிட்டாரு!" என்று உள்ளே ஓடினார். பள்ளி விடுமுறை, எங்கு பார்த்தாலும் கல்யாணம். அண்ணன் அன்றைக்கே போனை எடுத்து, தன்னிடம் இருந்த கூடாரம் அத்தனையையும் அந்தத் தேதிக்கு அடுத்தவர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் கூடாரம் போடுகிறவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு கூடாரம் இல்லை.

நான் பதறிப்போனேன். வரைபடங்களைக் கொண்டுவந்து காட்டினேன். கடல் சூட்டையும் காற்றின் திசையையும் விளக்கினேன். "மழை வரும்ணே, நிச்சயமா வரும்" என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. "இன்னொரு வாட்டி சொல்லுங்க சார், சம்பந்திக்கு போன் போட்டுக் குடுக்கறேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை, வேறு வழி தெரியாமல் பொய் சொல்லத் துணிந்தேன். கூடத்தில் உறவுக்கூட்டம் மருதாணி வைத்துக்கொண்டிருந்தது. நடுவில் போய் நின்று தொண்டையைச் செருமினேன். "கணக்க மறுபடி போட்டுப் பாத்தேன். நாளைக்கு மழை வராது. ஒரு துளிகூட வராது."

எல்லோரும் சரோஜாக்கா பக்கம் திரும்பினார்கள். இனி பயந்து எங்காவது போய்க் கூடாரம் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். சரோஜாக்கா என் முகத்தையே பார்த்தார்.

"சாரு பொய் சொல்றாரு" என்றார். "பாருங்க, காது செவந்து போச்சு. மனசார சொன்னாதான் சார் பலிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷாலினி மருதாணிக் கையைத் தூக்கிக்கொண்டு என்னைச் சமாதானப்படுத்தினாள். "டென்ஷன் ஆகாதீங்க அங்கிள். நீங்க எப்பவும் போல இருங்க, போதும்." சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். அவளும் பயந்துதான் இருந்தாள். என் தப்பின்மேல் இவர்கள் மகள் வாழ்க்கையைக் கட்டி வைத்திருக்கிறார்களே என்று மாடிக்குப் போய் மறுபடியும் வரைபடத்தை விரித்தேன்.

காலையில் திடலுக்குப் போனால் சுற்றிலும் குச்சி நட்டிருந்தது. இறைச்சி சுடுகிற சாத்தே குச்சியில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி நட்டால் மழை அண்டாது என்று இங்கே இனம் பார்க்காமல் எல்லோரும் நம்புகிறார்கள். வானத்தை அண்ணாந்து பார்த்தேன். மேற்கே கருகருவென்று ஏறிக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். சாமியிடம் இதுவரை வேலை, சம்பளம், உடம்பு என்று என்னென்னவோ கேட்டிருக்கிறேன். அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தாயே, நான் படித்த படிப்பு பொய்யாகட்டும், இன்னும் ஒரே ஒரு தரம் நான் தப்பாக இருக்கட்டும்.

மேளம் ஏறியது. ஐயர் மாங்கல்யத் தட்டைக் கையில் எடுத்தார். பெரிய துளி ஒன்று நேராக முத்தையாவின் வழுக்கையில் விழுந்தது.

பிறகு வானம் பிய்த்துக்கொண்டது. செம்மண் பாதை கூழாகி, காடி என்று இங்கே சொல்லும் கார்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சிக்கி நின்றன. முத்தையா சொன்ன சொல் தவறாதவர். "கெளம்புடா!" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். ஆனால் கிளம்பிப் போக ஒரு காடியும் நகரவில்லை. சரோஜாக்கா மழையில் நின்றபடி அழுதார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்கு வந்திருந்த பாக் மான், சிக்கிய காடிகளை இழுக்கத் தன் லாரியைச் சேற்றில் உறுமிக்கொண்டு ஓட்டிவந்தார். நான் ஓடிப்போய் அந்தப் படுதாவைப் பிடித்து இழுத்தேன். வருடம் முழுக்க நான் உரசிக்கொண்டு போன அதே நாற்றம் பிடித்த படுதா. "தூக்குங்க! மணவறைக்கு மேல தூக்குங்க!" என்று கத்தினேன். ஒரு மூலையை லாரியில் கட்டினோம். ஒன்றை நான் பிடித்தேன், ஒன்றை பாக் மான். நாலாவது மூலை தொங்கி, தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஷாலினியின் தலையில் கொட்டப் போனது. பக்கத்தில் நின்ற முத்தையா தன்னையறியாமல் கையைத் தூக்கிப் பிடித்துவிட்டார்.

பிடித்தது பிடித்ததுதான். விட்டால் மருமகள் தலையில் அருவி. மடிப்புக் கலையாத சட்டையில் பனையெண்ணெய் ஒழுக, கையைத் தூக்கியபடி நின்று, "என்னாத்தப் பாக்கறீங்க? கட்டச் சொல்லுங்க லா! கை வலிக்குது!" என்று கத்தினார். தாலி ஏறியது. அட்சதையை மழை அடித்துக்கொண்டு போனது. ஷாலினி விழுந்து விழுந்து சிரித்தாள், நான் அழுதேன். படுதாவில் கை இருந்ததால் துடைக்க முடியவில்லை. சாம்பார் தண்ணீராகிவிட்டது, அதையும் லாரிக்கு அடியில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். மிளகாய்க் குச்சிகளில் ஒன்று மட்டும் கடைசிவரை சாயாமல் நின்றது.

என் வருடம் முடிந்தது. பஸ் நிலையத்துக்கு, முதல் நாள் என்னை அழைத்துவந்த அண்ணனின் லாரியில்தான் போனோம். அண்ணன் வழியெல்லாம் சடக்கையே பார்த்து ஓட்டினார். பஸ் வருகிற நேரத்தில்தான் மனசில் இருந்ததைக் கொட்டினார்.

"வருசம் பூரா தப்பா சொன்னீங்க, நான் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்ல. கடைசியில போயி, அதுவும் என் மவ கல்யாணத்துல, சரியா சொல்லிட்டீங்களே சார். இனிமே நான் எப்படி உங்கள நம்பறது?"

இருவரும் நின்று வானத்தைப் பார்த்தோம். பாதி மேகம், பாதி வெயில்.

பழக்கதோஷம், அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இன்னிக்கு மழை வருமா சார்?"

நெற்றியைச் சுருக்கிப் பார்த்தேன். மேற்கே பார்த்தேன், கிழக்கே பார்த்தேன்.

"தெரியாதுண்ணே" என்றேன்.

அண்ணன் என்னை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். என் காதைக்கூடப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு லாரிக்கு நடந்துபோய், இருக்கைக்கு அடியில் தேடி, ஒரு குடையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.